ஓரகத்தி கேட்ட கேள்விகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றெரிச்சலிலிருந்து வந்தது. சமூக அக்கறை, மண்ணின் மணம், மொழிப்பற்று என்று பின்னால் ஏதாவது ஒரு மேடையில் நான் பேசினால் நம்பாதீர்கள். போன வாரம் ஒரு மாலை, கல்லூரி முடிந்து பஸ் பிடித்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மகளின் சிரிப்பு கேட்டது. அது என் ஓரகத்தி ஜெயசுதாவின் அறையிலிருந்து வந்தது. நான் உள்ளே போனதும் நின்றது. அவ்வளவுதான். அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் புவனேஸ்வரி. பாகூரை அடுத்த செலியமேடு. வில்லியனூர் போகும் வழியில் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். கெஸ்ட் லெக்சரர் என்று பெயர், ஆனால் யாரும் உட்காரச் சொல்வதில்லை. ஜெயசுதா என் கணவரின் தம்பி மனைவி. ஹெல்த் இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி படித்துவிட்டு ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறாள். எங்களுக்கு ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஆளுக்கோர் அறை. என் மகள் அமுதம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். முதல் விருப்பமாக அவள் எந்தப் பாடத்தைப் போடப்போகிறாள் என்பதுதான் கதை. வரலாறா, ஜெயசுதாவா?

(மேலே ‘ஹெல்த் இன்ஃபர்மேஷன் டெக்னாலஜியா’ என்று இருக்க வேண்டும். மனதில் இருந்ததைக் கை எழுதிவிட்டது. இருக்கட்டும், திருத்தப்போவதில்லை.)

இனித் தொடக்கம்.

பாகூர் ஏரி அந்த ஆண்டு நிரம்பி வழிந்தபோது...

வேண்டாம். எங்கள் பக்கத்தில் பேனா பிடிக்கிற எல்லோரும் ஏரியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். என் பொறாமைக்கும் ஏரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஜெயசுதா ஒரு தந்திரக்காரி.

இது எனக்குப் பிடித்திருந்தது. சின்ன வாக்கியம், நறுக்கென்று இருக்கிறது. ஆனால் என் மாணவி யாராவது ஆதாரம் காட்டாமல் இப்படித் தொடங்கியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

அமுதம் பிறந்து அவளை முதன்முதலாக என் கையில்...

இதை முடிக்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. கண் கலங்கி எழுதியதை மறுநாள் படித்தால் எனக்கே சகிப்பதில்லை. ஆகவே தொடக்கம் இல்லாமலே உள்ளே போவோம்.

2

நீங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய பிறகு, உங்கள் கோப்பு ஜெயசுதா மாதிரி ஒருத்தியின் மேசைக்குப் போகிறது. டாக்டர் எழுதியதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டை அவள் போடுகிறாள். காய்ச்சலுக்கு ஒன்று, மாடு முட்டினால் ஒன்று. இதில் அவளுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. சாப்பிடும்போதெல்லாம் அவள் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புறநோயாளி சீட்டில் டாக்டர் ‘டெங்குவாக இருக்கலாம்’ என்று எழுதினால் டெங்குவுக்குக் குறியீடு போடக் கூடாது. காய்ச்சலுக்குத்தான் போட வேண்டும். கண்டது மட்டும்தான் கணக்கு. இரண்டாவது சட்டம், டாக்டர் எழுதியது விளங்காவிட்டால் அவருக்குக் கேள்வி அனுப்பலாம், ஆனால் கேள்விக்குள்ளேயே பதிலை வைக்கக் கூடாது. ‘இது சர்க்கரையால் வந்த புண்தானே டாக்டர்?’ என்று கேட்பது குற்றம். ‘புண்ணின் காரணம் பதிவில் இல்லை. தெரிவிக்கவும்’ என்றுதான் கேட்க வேண்டும்.

என் தொழில் இதற்கு நேர் எதிர். ‘இருக்கலாம்’ இல்லாமல் எனக்கு ஒரு வகுப்பும் ஓடாது. பல்லவர் காலத்தில் பாகூரில் ஒரு கல்விச்சாலை இருந்தது. அதற்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. அதை நடத்தும் நாளில் மட்டும் என் குரல் தானாக ஏறும். கொடுத்த ஊர்களின் எல்லை செப்பேட்டில் இருக்கிறது. அந்தச் சாலையில் எந்த ஆசிரியருக்கு எந்த ஆசிரியர் மேல் பொறாமை என்பது இல்லை. இருந்திருக்கலாம் என்பேன். மொத்தம் இருக்கிற நான்கு பேரில் ஒருத்தி சிரிப்பாள்.

ஆம், நான்கு பேர். இந்த ஆண்டு பத்துப் பேராவது புதிதாகச் சேராவிட்டால் வரலாற்றுப் பிரிவை மூடிவிட்டு, அந்த அறையில் கம்ப்யூட்டர்களை வைத்து ஜெயசுதா படித்த அதே படிப்பைத் தொடங்கப்போகிறார்களாம். முதல்வர் என்னிடம் அதைக் காபி குடித்துக்கொண்டே சொன்னார். என் வகுப்பறை, என் கரும்பலகை, என் மகள், எல்லாம் ஒரே பக்கமாகப் போகின்றன. எனக்கு எரியாதா?

வீட்டிலும் இதே கதைதான். மாமியாருக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பு, எது பின்பு என்று சொல்ல ஜெயசுதா வேண்டும். எதிர்வீட்டுப் பாக்யராஜ் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்து அவளுக்காக வாசலில் காத்திருப்பார். “பிரெஞ்சுக்காரன் எப்பங்க வந்தான், கொஞ்சம் அவசரம்” என்று என்னிடம் ஒருத்தராவது ஓடி வந்திருக்கிறார்களா? என் கணவர் குமரவேலிடம் சொல்லிப் புலம்பினேன். “ரெண்டும் காலேஜுதான, எதுல சேந்தா இன்னா” என்று சொல்லிவிட்டுக் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

3

சிரிப்பு நின்ற அந்த மாலையை முதலில் இப்படித்தான் எழுதினேன்:

அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஜெயசுதா அமுதத்தின் காதருகே குனிந்தாள். அவள் உதட்டில் ஏளனம் நெளிந்தது.

“உங்கம்மா படிச்சத படிச்சீன்னா உங்கம்மா மாதிரிதான் ஆவே” என்றாள்.

அமுதம் தயங்கினாள்.

“எங்கோர்ஸ மொதல்ல போடு. எங்க ஆஸ்பத்திரியிலியே வேல வாங்கிக் குடுக்கறேன். உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிக்காத.”

[கேள்வி. பகுதி 3. கதவு சாத்தியிருந்ததாகப் பதிவு. உள்ளே நடந்ததைப் பார்த்தவர் யார் என்பது பதிவில் இல்லை. தெரிவிக்கவும். ஜெ.]

[கேள்வி. பகுதி 3. ‘ஏளனம்.’ கண்ட அறிகுறி எது? தெரிவிக்கவும். ஜெ.]

இந்த அடைப்புகளை நான் போடவில்லை. விஷயம் என்னவென்றால் லேப்டாப் ஜெயசுதாவுடையது. புதிது வாங்கியதும் பழையதைக் கூடத்து மேசையில் எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டாள். என் பொறாமையைக் கொட்டுவதற்கும் அவள் பொருள்தான் எனக்குக் கிடைத்தது, பாருங்கள். ஒரு காலையில் திறந்தால் என் வரிகளுக்கு நடுவே இவை உட்கார்ந்திருந்தன. ஒரு வசவு இல்லை. ‘ஏன்க்கா என்னை இப்படி எழுதினீங்க’ என்று ஒரு வார்த்தை இல்லை. டாக்டருக்கு அனுப்புவதைப் போலவே எனக்கும் அனுப்பியிருக்கிறாள்.

அழித்துவிடத்தான் போனேன். அழிக்கவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். என் வாக்கியங்களைவிட அவள் கேள்விகள் நன்றாக இருந்தன. அதற்கும் எரிந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வில்லியாக ஜெயசுதா எனக்குச் சரியாக அமையவில்லை. வில்லிக்கு ஒரு குறையாவது வேண்டும். யோசித்துப் பார்த்தேன். குளித்த துண்டை நாற்காலியில் போடுவாள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சுதியில்லாமல் பாடுவாள். இதை வைத்து ஒருத்தியை எவ்வளவு தூரம் கெட்டவளாக்க முடியும்?

4

சனிக்கிழமை நடந்தது.

காலையில் ஜெயசுதா அமுதத்தை ஸ்கூட்டியில் உட்கார வைத்து வில்லியனூர் கூட்டிப்போனாள். எதற்கு என்று கேட்டதற்கு “சும்மாதான்” என்றார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். மதியம் திரும்பினார்கள். அமுதத்தின் முகம் பளிச்சென்று இருந்தது. “சாய்ஸ் போட்டாச்சாடி?” என்று கேட்டேன். “போடறன்மா” என்று உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு வில்லியனூரில் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் வைத்து என் மகளை என்னிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

[கேள்வி. பகுதி 4. வில்லியனூரில் போன இடத்தை அறிந்த வழி பதிவில் இல்லை. திரும்பியபோது கையில் இருந்தது பதிவில் இல்லை. இரண்டையும் தெரிவிக்கவும். ஜெ.]

பதில்: பிரவுசிங் சென்டர் என் யூகம். கையில் இருந்தது பரோட்டா பார்சல். எனக்கும் சேர்த்துத்தான் வாங்கியிருந்தார்கள். சாப்பிட்டேன். சால்னா ரொம்ப நன்றாக இருந்தது. வில்லி வாங்கி வந்த பரோட்டாவைக் கதாநாயகி இலையை வழித்துச் சாப்பிட்டாள் என்று எப்படி எழுதுவது? அதனால் விட்டுவிட்டேன்.

[கேள்வி. பகுதி 4. வியாழக்கிழமை சாப்பிடும்போது அமுதம் உங்களிடம் கேட்டது எந்தப் பகுதியிலும் இல்லை. தெரிவிக்கவும். ஜெ.]

அன்று ரசம் ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றவள் ஜெயசுதாதான். மறுக்க முடியாது. நடந்தது இது:

“ம்மா, அந்தச் செப்பேட்டுல ஊரு எல்லையெல்லாம் சொல்லிருக்குன்னு சொல்லுவியே, அந்த எல்லைய நீ நடந்து பாத்துருக்கியா?” என்று அமுதம் கேட்டாள்.

“இன்னாத்துக்கு?”

“சும்மா. எங்கருந்து எங்க வரிக்கும்னு தெரிஞ்சிக்கலாம்ல. நாம ரெண்டு பேரும் ஒரு நாளு போலாமா?”

“மொதல்ல சோத்தத் துன்னு. எனக்குத் திருத்தறதுக்குப் பேப்பரு கெடக்குது.”

கவனித்தீர்களா? என் மகள் என் பாடத்தின் பக்கம் சாய்கிறாள் என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே அறிகுறி அது. அதைத்தான் கதையில் சேர்க்காமல் விட்டேன். அதைச் சேர்த்தால் ஜெயசுதா மேல் பொறாமைப்பட இடமில்லை, பொறாமை இல்லாவிட்டால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. சாட்சியத்தில் உங்களுக்கு வேண்டாததை ஒளிக்காதீர்கள் என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்கிறவள் நான்.

5

இதை எழுதிய கையோடு அடுப்படிக்குப் போனேன். எழுத்தில் அவளை ஜெயிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. வாயால் பார்க்கலாம் என்று போனேன். ஜெயசுதா கீழே உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

“கேள்வியெல்லாம் நல்லாத்தான் கேக்கறே. நான் ஒண்ணு நேரா கேக்கறேன், பதில் சொல்லு. எம் பொண்ண உங்கோர்ஸ்ல சேத்துவுடத்தானே பாக்கறே?”

அவள் நிமிரவில்லை. “கேள்வியிலியே பதில வெச்சிட்டீங்கக்கா. நான் சொல்றதுக்கு இன்னா கீது?”

“வூட்லயுமாடி ஆஸ்பத்திரி சட்டம்?”

“சரி, சொல்றேன். நான் அவகிட்ட சொன்னது ஒண்ணுதான். இந்த வேலைக்கு வந்தீன்னா காலைலருந்து சாயங்காலம் வரிக்கும் அடுத்தவங்க வியாதியப் படிக்கணும். உம் மனசுல பட்டத ஒரு வார்த்த எழுத முடியாது. உங்கம்மா கிளாஸ்ல நின்னுக்கினு நாள்பூரா ‘இருக்கலாம்’, ‘இருந்திருக்கலாம்’னு சொல்றாங்க, ஒருத்தரும் கேள்வி கேக்கறதில்ல. அத்த நெனச்சா எனக்கு...”

“நெனச்சா?”

“ஒண்ணுமில்லக்கா. எண்ண காயுது, நவுருங்க.”

“அப்ப அவ எத்த மொதல்ல போடப்போறா?”

“எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். அவகிட்டயே கேளுங்க.”

‘அத்த நெனச்சா எனக்கு’ என்று அவள் விட்ட வாக்கியத்தை முடிக்க என் கை பரபரத்தது. அவளுக்கும் என் மேல் பொறாமை இருக்கலாம். ஆனால் அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அது அப்படியே பாதியில் நிற்கட்டும். என்னைப் படுத்தியது வேறு சொல். ‘எனக்குத் தெரியும்’ என்றாளே, அது. பெற்றவளுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். வெங்காயம் அவள் அரிந்தாள், கண் எனக்கு எரிந்தது.

6

உண்மை தெரியாதபோது முடிவுகளை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். மூன்று செய்து வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. அமுதம் வரலாற்றைப் போடுகிறாள். தோழிகளையும் இழுத்து வருகிறாள், பிரிவு பிழைக்கிறது. அம்மாவும் மகளும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். அப்போது ஜெயசுதாவின் முகம் தொங்கிப்போவதை ஒரு பக்கம் முழுக்க வர்ணித்திருந்தேன். படித்துப் பார்த்தால் கதையிலேயே மிக நன்றாக வந்த பக்கம் அதுதான். வெட்கப்பட்டு வெட்டிவிட்டேன்.

இரண்டாம் முடிவு. அவள் சித்தியின் பாடத்தைப் போடுகிறாள். நான் நின்று செப்பேடு நடத்திய அதே அறையில், புதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள். வேலை போன நான் சாப்பாட்டு டப்பாவைக் கட்டி அவளை பஸ் ஏற்றிவிட்டு... இதை இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

மூன்றாம் முடிவு. இரண்டையும் விட்டுவிட்டு நர்சிங் போடுகிறாள். வீட்டில் அமைதி. இதை எழுதியது நான்தான், ஆனால் இது கோழைத்தனம்.

[கேள்வி. பகுதி 6. மூன்று முடிவுகளிலும் அமுதம் பேசியது ஒரு சொல்கூடப் பதிவில் இல்லை. தெரிவிக்கவும். ஜெ.]

இதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

7

இந்தப் பகுதியை நடக்க நடக்கவே எழுதுகிறேன். வாக்கியம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று மாலையோடு விருப்பங்களைப் பதிவது முடிகிறது. அமுதம் சித்தியின் அறையில், சித்தியின் போனில் எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். உறுதிசெய்ய ஓர் ஓடிபி வேண்டும். விண்ணப்பித்தபோது அவளுக்குப் போன் இல்லாததால் என் எண்ணைக் கொடுத்திருந்தோம். ஆகவே ஓடிபி எனக்குத்தான் வரும். நான் கூடத்தில் லேப்டாப் முன்னால் இருக்கிறேன். போன் பக்கத்தில் இருக்கிறது.

“ம்மா, இப்ப ஒரு நம்பரு வரும். வந்தா சொல்லு.”

வந்துவிட்டது. விருப்பங்களை உறுதிசெய்வதற்கான எண் என்று மட்டும் போட்டிருக்கிறது. எது முதல், எது இரண்டாவது என்று இல்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“மொதல்ல இன்னா போட்டுக்கிறே, அத்த சொல்லு” என்றேன்.

“நீ நம்பரச் சொல்லு. முடிச்சிட்டு நானே வந்து சொல்றேன்.”

“முடிச்சப்புறம் எனக்கு இன்னாத்துக்கு? இப்பவே சொல்லு.”



“ம்மா, ஒரே ஒரு வாட்டி கேக்காம குடேன்.”

இதுதான் அமுதம் பேசியது. பகுதி 6-க்கான பதிலாக இதை வைத்துக்கொள்ளலாம். அவள் குரலில் கோபம் இருந்ததா, கெஞ்சல் இருந்ததா என்று நான் சொல்லப்போவதில்லை. கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

நான் எண்ணைச் சொல்லவில்லை. தட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சில நிமிடங்களில் இந்த எண் செல்லாது. திரும்பவும் ஒன்று கேட்டு வாங்கலாம். ஆனால் எத்தனை முறை? மாலை போய்க்கொண்டிருக்கிறது. நான் வாயைத் திறக்காமலே இருந்தால் அவள் போட்டது எதுவும் நிற்காது. என் மகளின் படிப்பு என் உள்ளங்கையில் இருக்கிறது, ஜெயசுதாவின் கையில் இல்லை. இந்த நிமிடம் அது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கிறது. இப்படி ஒரு சந்தோஷம் ஒரு தாய்க்கு வரும் என்று யாராவது எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

“ம்மா? நம்பரு வந்துச்சா, வர்லியா?”

பின்னால் காலடி. ஜெயசுதா வந்து நிற்கிறாள். என் கையில் போன் வெளிச்சமாக இருக்கிறது, எண் பளிச்சென்று தெரிகிறது. பார்த்துவிட்டாள். இந்தப் பத்தியையும் என் தோளுக்கு மேலிருந்து படிக்கிறாள். ‘சந்தோஷம்’ என்ற சொல்வரை படித்திருப்பாள். இப்போது சத்தம் போடுவாள், போனைப் பிடுங்குவாள், அமுதத்தைக் கூப்பிட்டு உங்கம்மா செய்றத பாரு என்பாள். கடைசியில் எனக்கு ஒரு வில்லி கிடைத்துவிடுவாள்.

அவள் அறைப் பக்கம் திரும்பி, அமுதத்துக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்டாள்:

“இன்னாக்கா, டவர் கெடைக்கலியா? அதான் இன்னும் மெசேஜ் வர்ல, இல்ல?”

அந்தக் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. எழுதாததைப் படிக்க மாட்டேன், கேள்விக்குள் பதிலை வைக்க மாட்டேன் என்று இத்தனை நாள் என்னைப் பாடாய்ப் படுத்தியவள், எனக்காக ஒரு பதிலைச் செய்து கேள்விக்குள் வைத்து நீட்டுகிறாள். ‘ஆமா’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அமுதத்துக்கு ஒன்றும் தெரியாது. நான் டவர் கிடைக்காத அம்மாவாக இருந்துவிட்டுப் போகலாம். ஜெயசுதா வாழ்நாளில் இதை யாரிடமும் சொல்ல மாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும்.

பொறாமையாக இருக்கிறது. இப்படி ஒரு கேள்வி எனக்குக் கேட்க வந்திருக்காது.

ஜெயசுதா என் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே அமுதம் காத்திருக்கிறாள். நம்பரைச் சொன்னால் என் மகள் என்ன போட்டாள் என்று தெரியாமலே கொடுத்தவள் ஆவேன். ‘ஆமா’ என்றால் ஓரகத்தி தந்ததை வாங்கிக்கொண்டவள் ஆவேன். வாயைத் திறக்கிறேன்.

இதற்கு மேல் என்னிடம் எழுத்து இல்லை. பார்த்தது, நினைத்தது இரண்டையும் கலந்துதான் தந்திருக்கிறேன். பிரித்துக்கொள்ளுங்கள். எனக்காகப் பரிதாபப்பட்டு ஒரு முடிவைச் செய்துவிடாதீர்கள். எனக்கு அதை ஏற்கெனவே ஒருத்தி செய்துவிட்டாள். உங்களுக்கு நான் அனுப்பக்கூடியது இது ஒன்றுதான்:

[கேள்வி. பகுதி 7. புவனேஸ்வரி சொன்ன பதில் பதிவில் இல்லை. தெரிவிக்கவும். பு.]